போதிய தூக்கம் உடலுக்கு என்ன செய்கிறது? படுத்திருக்கும் நேரமும் உறங்கும் நேரமும் – விவாதம்

அடையாற்றுக்கரை (இழையைத் தொடங்கியவர்)

தூக்கத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்குப் பஞ்சமில்லை. எட்டு மணி நேரம் தூங்கினால் எந்த நோயும் அண்டாது என்று ஒரு செய்தி வருகிறது. வாழ்க்கையில் முன்னுக்கு வந்தவர்கள் எல்லாரும் நான்கு மணி நேரம்தான் தூங்கினார்கள் என்று அடுத்த செய்தி வருகிறது. எங்கள் குடும்பக் குழுவில் இரண்டையும் அனுப்பியவர் ஒரே பெரியப்பாதான்.

வளர்ந்தவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமும் அங்குள்ள தூக்க ஆய்வுச் சங்கமும் 2015இல் சேர்ந்து பரிந்துரைத்தன. இதய நலத்துக்கு இன்றியமையாதவை என்று ஏழு அம்சங்களைச் சொல்லிவந்த அமெரிக்க இதயச் சங்கம், 2022இல் தூக்கத்தை எட்டாவதாகச் சேர்த்துக்கொண்டது. இவற்றுக்கு அடிப்படை, மனிதர்களைத் தூங்கவிட்டும் தூங்கவிடாமலும் பார்த்த சோதனைகளா, அல்லது "நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டு நிரப்பிய படிவங்களா என்பதே என் கேள்வி. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். ஜாதிக்காய்ப் பால், உச்சந்தலையில் எண்ணெய் முதலிய குறிப்புகளுக்கு இந்தத் தளத்தில் வேறு இழைகள் இருப்பதால் அவற்றை இங்கே தவிர்த்துவிடலாம்.

மருந்துச்சீட்டு

இரண்டு வகையும் உண்டு, ஐயா. எந்த நன்மைக்கு எந்த வகைச் சான்று என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும். நான் பொது மருத்துவராக இருப்பதால் சர்க்கரையிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் அதற்குத்தான் அதிகம் பேர் சீட்டு எழுதிக்கொள்ள வருகிறார்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் கரீன் ஸ்பீகல், ஈவ் வான் காட்டர் முதலியோர் நடத்தி 1999இல் வெளியிட்ட சோதனையில், உடல்நலம் உள்ள 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவிட்டார்கள். அதன் முடிவில், இரத்தத்தில் ஏற்றிய சர்க்கரையை அகற்றும் திறன் அவர்களுக்குத் தெளிவாகக் குறைந்திருந்தது. மாலையில் தணிய வேண்டிய கார்டிசோல் என்ற மன அழுத்தச் சுரப்பும் ஒழுங்காகத் தணியவில்லை. பிறகு வேண்டிய மட்டும் தூங்கவிட்டபோது இவை சீரடைந்தன. அவர்களில் எவரும் சர்க்கரை நோயாளி அல்லர் என்பதையும், மாற்றியது தூக்கத்தை மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். படிவம் நிரப்பிப் பெறும் தகவலுக்கு இந்த வலிமை கிடையாது.

நோய் எதிர்ப்பாற்றலுக்கும் இதைப் போன்ற ஒரு சான்று இருக்கிறது. ஆரிக் பிராத்தர் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 164 பேரின் தூக்கத்தை மணிக்கட்டில் கட்டிய கருவியால் ஒரு வாரம் அளந்த பிறகு, சளிக் காய்ச்சல் கிருமியைச் சொட்டு மருந்தைப் போல மூக்கில் விட்டு, அவர்களை ஒரு விடுதியில் தனியே தங்கவைத்துப் பார்த்தார்கள். கிருமி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனாலும் 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்குச் சற்று அதிகமாக இருந்தது.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, ஆரோக்கியமான உடலில் உறக்கத்தின்போது அது பகல் அளவைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை தாழ்கிறது. இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஒரு நாளில் கிடைக்கும் நீண்ட ஓய்வு அதுதான். அடிக்கடி விழித்துக்கொண்டே இருப்பவருக்கு அந்தத் தாழ்வு சரியாக ஏற்படுவதில்லை.

எதிர்க்கேள்வி

டாக்டர் சொன்ன சோதனைகளை மறுக்கவில்லை. ஆனால் சிகாகோ இளைஞர்களைப் படுக்கவிட்டது நான்கே மணி நேரம். நம்மில் பெரும்பாலோர் ஆறு மணி நேரம் தூங்குபவர்கள். ஆறை ஏழாக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு, எட்டை நான்காக்கிப் பார்த்த சோதனை நேரடியான விடை ஆகாது.

படிவ ஆய்வுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவற்றில் குறைவாகத் தூங்குபவர்கள் மட்டுமல்லாமல், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்குவதாகச் சொல்பவர்களும் முன்னதாகவே இறக்கிறார்கள். அதிகத் தூக்கம் ஆளைக் கொல்கிறது என்று எவரும் சொல்வதில்லை. வெளியில் தெரியாத நோய் இருப்பவர் அதிகம் படுத்திருப்பார் என்றே விளக்குகிறார்கள். அந்த விளக்கம் நியாயமானதுதான். ஆனால் வறுமை, மன உளைச்சல், கடன், தீராத வலி ஆகியவை தூக்கத்தையும் கெடுக்கும், ஆயுளையும் குறைக்கும் என்பதால், குறைந்த தூக்கத்தின் பக்கத்திலும் அதே எச்சரிக்கை வேண்டும் அல்லவா?

இந்த இழைக்கு நேராகப் பொருந்தும் ஒரு சோதனை சென்னையிலேயே நடந்திருக்கிறது. பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா ஆகிய ஐவர் 2021இல் அதை வெளியிட்டார்கள். குறைந்த வருமானம் உள்ள 452 பேரைக் கணினியில் தரவுப் பதிவு செய்யும் வேலைக்கு அமர்த்தி, கைக்கருவியால் தூக்கத்தை அளந்தபோது முதலில் தெரியவந்ததே திகைப்பூட்டுவதாக இருந்தது. அவர்கள் படுக்கையில் இருந்தது சுமார் 8 மணி நேரம். உறங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம். இடையிடையே அறுந்த அந்த உறக்கத்தின் தரம், தூக்கமின்மை நோய் உள்ளவர்களின் உறக்கத்துக்கு நிகராக இருந்தது.

பிறகு ஒரு பிரிவினருக்குத் தூக்கத்தைப் பற்றிய விளக்கமும் ஊக்கமும் கொடுத்து, வீட்டில் உறங்குவதற்கான வசதிகளையும் ஓரளவு மேம்படுத்தினார்கள். மூன்று வாரத்தில் அவர்களுடைய இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. அறிவுக் கூர்மை, வேலைத் திறன், முடிவெடுக்கும் திறன், மனநலம் ஆகிய எதிலும் அளக்கத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. வேலை செய்த நேரம் சற்றுக் குறைந்ததுதான் மிச்சம். ஆய்வு தொடங்குமுன் கருத்துக் கேட்கப்பட்ட வல்லுநர்கள் நல்ல பலன் கிடைக்கும் என்று கணித்திருந்தார்கள். "இன்னும் அரை மணி நேரம் தூங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதுபவர்கள் அனைவரும் இந்த ஆய்வைப் படித்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

தறிச்சத்தம்

படுப்பது எட்டு மணி நேரம், உறங்குவது ஐந்தரை மணி நேரம் என்பது ஆய்வாளர்களுக்கு வியப்பாக இருந்திருக்கலாம். எங்கள் பக்கம் யாருக்கும் வியப்பாக இருக்காது. பல்லடம் அருகே விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவில் எங்கள் வீடு இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை பகல் முழுவதும் குடித்த வெயிலை நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் ஐவரும் விழித்துக்கொள்வார்கள். மின்விசிறி நின்ற அடுத்த நிமிடமே கொசு மட்டையின் படபட ஒலி நாலு வீட்டில் கேட்கும். கொசுவலை கட்டினால் காற்று வராது, கட்டாவிட்டால் கொசு விடாது.

தறிச் சத்தம் பழகிவிடும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது நாங்கள் தூங்கிவிடுகிறோம். மின்சாரம் போய்த் தறி சட்டென்று நிற்கும்போதுதான் விழிப்பு வருகிறது. ஆனால் பழகியது காதுதானா, இதயமும் பழகிவிட்டதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். தூக்க அறிவுரைகளில் பெரும்பாலானவை, இருட்டும் அமைதியும் உள்ள தனிப் படுக்கையறை ஒவ்வொருவருக்கும் உண்டு என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. எங்களுக்குக் குறைவது நேரம் பற்றிய அறிவு அன்று.

மருந்துச்சீட்டு

நண்பர் தறிச்சத்தம் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சீரான ஓசைக்கு நாம் விழிப்பது நாளடைவில் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் இரவில் ஓசை எழும்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று உயர்வது பழக்கத்தால் முற்றிலும் மறைவதில்லை. காலையில் "நன்றாகத் தூங்கினேன்" என்று சொல்பவரிடமும் இதைக் காணலாம்.

சென்னை ஆய்வைப் பற்றி என் ஊகம் ஒன்று உண்டு. அங்கே 27 நிமிடம் கூடியது, அவர்கள் முன்னைவிட அதிக நேரம் படுத்திருந்ததால்தான். உறக்கம் அறுபடுவது குறைந்ததால் அன்று. விட்டுவிட்டு வரும் தூக்கத்தில் இன்னொரு துண்டைச் சேர்ப்பதும், தொடர்ச்சியான தூக்கம் கிடைப்பதும் ஒன்றாகா. ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் இரவின் முற்பகுதியில் வருகிறது, வளர்ச்சிச் சுரப்பு மிகுதியாக வெளிப்படுவதும் அப்போதுதான். கூரைச் சூடு தணியாத அந்த முற்பகுதியே கெட்டுப்போகும் வீட்டில், விடியலில் அரை மணி நேரம் கூட்டுவது அதற்கு ஈடாகுமா என்பது என் ஐயம். உடலின் உள்வெப்பம் சிறிதளவு தாழ்ந்தால்தான் உறக்கம் பிடிக்கும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் குளிப்பதும், வாய்ப்பிருந்தால் மொட்டை மாடியில் வலை கட்டிப் படுப்பதும் அந்த வகையில் பொருளுள்ள செயல்கள்.

ஆறை ஏழாக்கினால் என்ன கிடைக்கும் என்ற எதிர்க்கேள்வி அவர்களின் கேள்விக்கு 2022இல் ஓரளவு விடை வந்தது. சிகாகோவில் எஸ்ரா தஸாலி குழுவினர், உடல் எடை கூடியவர்களாகவும் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவர்களாகவும் இருந்த 80 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்குத் தூக்கப் பழக்கத்தைப் பற்றித் தனித்தனியே ஆலோசனை வழங்கினார்கள். உணவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தத்தம் வீட்டிலேயே தூங்கிய அவர்களுக்குத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடியது. இரண்டு வாரத்தில், மற்றப் பிரிவினரோடு ஒப்பிட்டால் நாளொன்றுக்குச் சுமார் 270 கலோரி குறைவாக உண்டார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறப்பவர் அப்போது உறங்கிக்கொண்டிருந்தால் அந்த டப்பா மூடியே இருக்கும் என்பதும் இதில் ஒரு பகுதியாக இருக்கலாம்.

விடியற்கோழி

எனக்கு இளமையிலிருந்து ஐந்து மணி நேரத் தூக்கமே போதுமானதாக இருக்கிறது. காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவேன். மருந்து மாத்திரை எதுவும் இல்லை. ஒவ்வொருவர் உடலும் ஒவ்வொரு விதம் என்பதை ஒப்புக்கொள்ளாமல் எல்லாருக்கும் ஒரே அளவைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதிர்க்கேள்வி

ஐயா, உங்கள் பக்கம் நின்று வாதாடவே எனக்கு விருப்பம். சான்று முழுமையாக இடம்கொடுக்கவில்லை. மரபணு மாற்றம் ஒன்றால் குறைந்த தூக்கத்திலும் குறையின்றி வாழும் குடும்பத்தினரைப் பற்றி கலிபோர்னியாவில் யிங்-ஹுய் ஃபூ குழுவினர் 2009இல் எழுதினார்கள். அத்தகையவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மிக மிக அரியவர்கள். தாம் அப்படிப்பட்டவர் என்று நம்புபவர்கள்தான் அதிகம்.

அந்த நம்பிக்கை ஏன் ஏமாற்றும் என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் 2003இல் காட்டினார்கள். இரண்டு வாரம் நாள்தோறும் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கவிடப்பட்டவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, ஓரிரு இரவுகள் முழுவதும் விழித்திருந்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் "எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?" என்று கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு அவர்களுடைய விடை ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. தவறுகள் பெருகின, உணர்வு பெருகவில்லை. எனவே போதுமா, போதாதா என்பதற்கு நம் உணர்வை மட்டும் சாட்சியாக வைக்க முடியாது. விடுமுறை நாளில் அலாரம் இல்லாமல் படுத்தால் நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பது அதைவிட நேர்மையான சாட்சி. அப்போதும் ஐந்து மணி நேரத்தில் தானாக விழிப்பு வந்து, பகலிலும் கண் சொக்காவிட்டால், உங்கள் கட்சி வெல்வதாக நானே எழுதுகிறேன்.

இரவுப்பணி

ஏழு மணி நேரமா, எட்டு மணி நேரமா என்ற விவாதத்தில் எங்களைப் போன்றவர்கள் விடுபட்டுப் போகிறோம். நான் செவிலியர், இரவு ட்யூட்டி முறை வைத்து வரும். பஞ்சாலையில் முழு நைட்டு பார்ப்பவர்கள், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்பவர்கள், நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர்கள் எனக் கணக்கெடுத்தால் எங்கள் கூட்டம் பெரியது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் முறைப்பணியை மனிதர்களுக்குப் புற்றுநோயை "அநேகமாக" ஏற்படுத்தக்கூடியது என்று 2007இல் வகைப்படுத்தியது; 2019இல் இரவுப் பணியை மறுபடி ஆராய்ந்து அதே வகையில் வைத்தது. இதை வைத்து யாரும் வேலையை விட்டுவிட வேண்டியதில்லை, ஏனெனில் ஆடு மாடு போன்றவற்றின் சிவப்பு இறைச்சியும் அதே வகையில்தான் இருக்கிறது. சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் அந்த வகை சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அன்று. ஆனாலும் பகலில் தூங்கும் எட்டு மணி நேரமும் இரவில் தூங்கும் எட்டு மணி நேரமும் உடலுக்கு ஒன்றல்ல என்பதை நாங்கள் எந்த ஆய்வும் இல்லாமலே அறிவோம்.

காலை எட்டு மணிக்கு வெயிலில் வெளியே வரும்போது அந்த வெளிச்சமே மூளைக்குப் "பகல் தொடங்கிவிட்டது" என்று சொல்லி, தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பை அடக்கிவிடுகிறது. அதனால் கறுப்புக் கண்ணாடி அணிந்தே வீடு திரும்புகிறேன். சன்னலுக்குக் கறுப்புச் சார்ட் அட்டையை ஒட்டி, விளிம்புகளில் பழுப்பு டேப் போட்டிருக்கிறேன். அட்டை பாதியிலும் டேப் பாதியிலுமாக அந்தச் சன்னலைப் பார்த்து வீட்டுக்காரம்மாவுக்கு வருத்தம். அழைப்பு மணியின் சுவிட்சை அணைத்துவிடுவேன். சிலிண்டர் போடுபவரிடம் பக்கத்து வீட்டில் இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். ட்யூட்டியில் இரவு ஒரு மணிக்கு மேல் தேநீர் கிடையாது. உட்கொண்ட காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது என்பதால், நான்கு மணித் தேநீர் ஒன்பது மணித் தூக்கத்தைக் கெடுக்கும். இவ்வளவுக்குப் பிறகும் ஒரே மூச்சில் தூங்க முடிவதில்லை; காலையில் நான்கு மணி நேரமும் மாலையில் ட்யூட்டிக்குப் புறப்படுமுன் இரண்டு மணி நேரமும் எனப் பிரித்துக்கொள்கிறேன்.

வண்டி ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்குத் தாழ்வதாக டாசன், ரீட் ஆகியோர் 1997இல் எழுதினார்கள். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 விழுக்காடுதான். ஊதிக் காட்டச் சொல்லும் காவலருக்கு இதைப் பிடிக்கும் கருவி கிடையாது. எங்கள் வார்டில் இரவுப் பணி முடித்தவர்கள் ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் பேருந்தில் போக வேண்டும் என்று நாங்களே பேசி வைத்திருக்கிறோம். எல்லா நாளும் நடப்பதில்லை.

கரும்பலகை

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் என்ற முறையில் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவதில் உறக்கத்துக்குப் பங்கு உண்டு. ஆழ்ந்த உறக்கமும் கனவு வரும் உறக்கமும் வெவ்வேறு வகையில் அதற்கு உதவுகின்றன. கனவு வரும் உறக்கம் பெரும்பாலும் விடியலை ஒட்டியே மிகுதியாக வருகிறது. ஆகவே இரவு ஒரு மணி வரை படித்துவிட்டு நான்கு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை, அந்தப் பங்கில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

பருவ வயதில் உடல் கடிகாரமே பின்னோக்கித் தள்ளிப்போகிறது என்பதைப் பெற்றோர் நம்ப மறுக்கிறார்கள். பதினாறு வயதுப் பையனுக்குப் பத்து மணிக்குத் தூக்கம் வராததற்குக் கைப்பேசி ஒரு காரணம்தான். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தாலும் அவன் உடல் பத்து மணியை இரவாக ஏற்பதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தைக் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றினார்கள். மாணவர்கள் அந்த நேரத்தையும் விழித்தே கழிப்பார்கள் என்றார்கள் எதிர்த்தவர்கள்; அளந்து பார்த்தபோது அவர்களுடைய தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. நம் ஊரில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் காலை ஐந்தரை மணி டியூஷன் இடம் கிடைக்காத அளவுக்கு நிரம்புகிறது. முதல் பாடவேளையில் கன்னத்தில் கை ஊன்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எழுப்பி நிற்கவைக்கும் ஆசிரியர்களில் நானும் ஒருவனாக இருக்க நேர்கிறது.

அடையாற்றுக்கரை

இவ்வளவு செறிவான பதில்களுக்கு நன்றி. டாக்டரிடம் இன்னொன்று கேட்க வேண்டும். என் அண்ணன் படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை விடுவார், எட்டு மணி நேரம் அசைய மாட்டார். ஆனால் மதியம் அலுவலகத்திலேயே உறங்கிவிடுகிறார். இரண்டு மாத்திரை போட்டும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. வீட்டில் அவரைத்தான் "கொடுத்து வைத்தவர், நல்ல தூக்கம்" என்கிறார்கள்.

மருந்துச்சீட்டு

அவரை விரைவில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இன்றிரவு அண்ணியார் ஒரு வேலை செய்யட்டும். குறட்டை ஒலி திடீரென்று நின்று, பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறதா என்று கவனித்துக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்படியானால் அது உறக்க மூச்சுத் தடையாக இருக்கலாம். தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று வழி அடைபடும்போது இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது, மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கிறது. ஒரு மணி நேரத்தில் முப்பது முறைக்கு மேலும் இப்படி நடப்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் அவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது. சென்னை ஆய்வில் வந்தவர்களைப் போலவே அண்ணனும் எட்டு மணி நேரம் படுத்திருக்கிறார், ஆனால் உறங்கவில்லை. ஒவ்வொரு விழிப்பும் இரத்த அழுத்தத்தை உயர்த்துவதால் மாத்திரையின் வேலையும் கெடுகிறது. தூக்கப் பரிசோதனை செய்து உறுதிப்பட்டால், எடைக் குறைப்பும் இரவில் அணியும் காற்றழுத்த முகமூடியும் நல்ல பலன் தரும். அவராகத் தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்துக்கொண்டால் நிலைமை மோசமாகும்.

கரும்பலகை

மதியத் தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், டாக்டர். உண்ட மயக்கம் என்று கேலி செய்கிறார்கள்.

எதிர்க்கேள்வி

டாக்டருக்கு முன் நான் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் முன்பு சென்னை ஆய்வில் பாதியைத்தான் எழுதினேன். அதே ஆய்வில் சிலருக்கு வேலையிடத்திலேயே பிற்பகலில் சிறிது நேரம் உறங்க இடம் கொடுத்தார்கள். இரவில் கூட்டிய 27 நிமிடம் செய்யாததை இந்தக் குட்டித் தூக்கம் செய்தது. வேலைத் திறன், மனநலம், அறிவுக் கூர்மை ஆகிய மூன்றும் மேம்பட்டன. உறங்கிய நேரம் வேலை நேரத்திலிருந்து கழிந்ததால், முதலாளிமார் உடனே பாய் வாங்கிப் போடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மருந்துச்சீட்டு

அதோடு ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்க்கிறேன். இரவில் படுத்தவுடன் உறங்கிவிடுபவர், மூன்று மணிக்கு முன்பாக அரை மணி நேரத்துக்கு மிகாமல் மதியம் கண்ணயர்வதில் தவறில்லை. அதற்கு மேல் போனால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழ நேர்ந்து, எழுந்த பிறகும் தலை கனமாகவே இருக்கும். இரவில் தூக்கம் வராமல் புரளுபவர் மதியத் தூக்கத்தை அறவே விட வேண்டும். பகலில் சேரும் தூக்கத் தேவையை மதியமே கரைத்துவிட்டால் இரவுக்கு மிஞ்சாது. அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரைக்கு முன் முயல வேண்டியது, தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. உறக்கம் வராதபோது படுக்கையை விட்டு எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் வேறு ஏதாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுப்பதும், இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவதும் அதன் முக்கியப் பகுதிகள். முதல் இரண்டு வாரம் கடினமாக இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். நடுவில் விட்டுவிட்டு மருந்துக் கடையில் போய் மாத்திரை கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் கேட்கிறார்கள்.